சமயபுரம் பச்சைப் பட்டினி: அம்மா 28 நாளும் இருக்கணும்கிறாங்க, முறை தெரிஞ்சவங்க சொல்லுங்க

லால்குடிப் பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்கு 63 வயசு. வருஷா வருஷம் பூச்சொரிதல் ஞாயித்துக்கிழமைகள்ல மட்டும் விரதம் இருப்பாங்க. இந்த வருஷம் திடீர்னு 28 நாளும் பச்சைப் பட்டினி இருக்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. ஏன்னு கேட்டா "உனக்கெதுக்கு"ங்கிறாங்க. அவங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. நான் சென்னையில, அவங்க ஊர்ல தனியா.

கேள்வி இரண்டு. ஒண்ணு, இந்த விரதத்தை வீட்டுல எப்படி இருக்கறது, என்ன சாப்பிடலாம்? இரண்டாவது, சின்ன வயசுலேர்ந்து எனக்குக் குழப்பம்: விரதம் இருக்கறது நாமளா, அம்மனா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வேப்பிலைக்காரி
இரண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன் கண்ணு. விரதம் இருக்கிறது ஆத்தா. நாம அவளோட கூட இருக்கோம், அவ்வளவுதான். மத்த கோயில்ல பக்தர்கள் சாமிக்காகப் பட்டினி கிடப்பாங்க. சமயபுரத்துல சாமி நமக்காகப் பட்டினி கிடக்கிறா. மாசி கடைசி ஞாயித்துக்கிழமை பூச்சொரிதலோட ஆரம்பிச்சு, பங்குனி கடைசி ஞாயித்துக்கிழமை முடியும். அந்த 28 நாளும் அவளுக்குத் தளிகை கிடையாது. அடுப்பில் ஏறின எதுவும் நைவேத்தியம் ஆகாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, வெள்ளரிப்பிஞ்சு இவ்வளவுதான்.

மகிஷனை வதைச்ச உக்கிரம் தணியவும், கூடவே ஊர் உலகம் நோய்நொடி இல்லாம இருக்கவும் அவ இருந்த விரதம்னு தலபுராணம். வெயில் ஏறுற காலத்துல, அம்மை போடுற காலத்துல, பெத்தவ பட்டினி கிடந்து பிள்ளைகளைக் காப்பாத்துறா. எங்க மாமியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

வீட்டு முறை: மஞ்சள் புடவை அல்லது காப்பு, காலையிலயும் சாயங்காலமும் தலைக்குக் குளியல், தரையில் படுக்கை. முழுசா இருக்கிறவங்க அடுப்புல சமைச்சதைத் தொட மாட்டாங்க. முடியாதவங்க ஒரு வேளை உப்பு இல்லாத சோறு சாப்பிடுவாங்க. அதைக் குறை சொல்ற ஆளு ஆத்தா இல்ல.

பாதயாத்திரைக்காரன்
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. துள்ளுமாவு பத்தி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். இப்ப கடையில விக்கிற பாக்கெட் மாவுல வெல்லத்தைக் கொட்டிக் கிளறிட்டு அதுக்கும் துள்ளுமாவுன்னு பேர் வைக்கிறாங்க. பச்சரிசியை ஊற வச்சு, தண்ணிய வடிச்சு, வெள்ளைத் துணியில நிழல்ல பரப்பணும். கையில பிடிச்சா ஈரம் தெரியணும், ஆனா ஒட்டக் கூடாது. அந்தப் பதத்துல உரல்ல போட்டு இடிச்சுச் சலிச்சு, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் இரண்டு நசுக்கிச் சேர்த்தா மாவு தானாவே கட்டி கட்டியா சேரும். எங்க ஆச்சி ஒரு பிடி எடுத்து வாயில போடும்போது பேசவே மாட்டாங்க. பேசினா மாவு பறக்கும்!

நான் 17 வருஷமா புதுக்கோட்டை பக்கத்துலேர்ந்து நடக்கிறேன். கீரனூர் தாண்டினதும் தார் ரோடு ஆரம்பிக்கும் பாருங்க வேலையை. ஓரத்துல மண்ணு இருக்கிற இடமா தேடித் தேடிக் காலை வைப்போம். அதனாலேயே பாதி பேர் ராத்திரியில நடக்கிறது.

ஏன்எதற்கு
யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அம்மை என்பது ஒரு கிருமி. பெரியம்மை இந்தியாவில் 1975-ஓடு முடிந்தது. 1980-இல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி, துள்ளுமாவு அல்ல. சர்க்கரை உள்ள 63 வயது அம்மாவை 28 நாள் பட்டினி போடச் சொல்லி இங்கே ஆலோசனை கொடுப்பது பொறுப்பான செயலா?

வேப்பிலைக்காரி
தம்பி, நான் எங்க பட்டினி போடச் சொன்னேன்? முடியாதவங்க ஒரு வேளை சாப்பிடலாம்னு எழுதியிருக்கேன், திரும்பப் படிங்க. ஊசி போட்டுத்தான் பெரியம்மை போச்சுன்னு எனக்கும் தெரியும். தழும்பு இருக்கு என் இடது தோள்ல, இரண்டு.

மருந்துச்சீட்டு
நான் செவிலியர், 22 வருஷம். சண்டைக்கு நடுவுல புகுந்துடறேன்.

லால்குடிப் பொண்ணு, உங்க அம்மா மாத்திரையா இன்சுலினா? இரண்டில் எதுவா இருந்தாலும் விரதம் தொடங்கும் முன்னாடி அவங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். வேளாவேளைக்குச் சாப்பிடுற கணக்கில்தான் மருந்தின் அளவு எழுதியிருப்பாங்க. சாப்பாட்டை நிறுத்திட்டு மருந்தை மட்டும் போட்டா சர்க்கரை தடாலென இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வந்தா விரதத்தை யோசிக்காம உடனே பானகத்தைக் கொடுங்க. விரதம் கெடாது, உயிரும் தங்கும். இன்னொரு பக்கம், விரதப் பண்டம்னு நாள் முழுக்க வெல்லமும் பானகமும் கரும்புமா போனா சர்க்கரை ஏறிப்போய் நிக்கும். இதை யாரும் யோசிக்கிறதில்லை. நீர்மோரும் வெள்ளரியும் அவங்களுக்கு நல்ல துணை.

அப்புறம், இப்ப நாம "அம்மா வந்திருக்கா"ன்னு சொல்றது பெரும்பாலும் சின்னம்மை. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டுற வரைக்கும் தொத்தும். வேண்டுதல்னு அந்த நிலையில கோயில் கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போறது மத்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. தலைக்குத் தண்ணி ஊத்தி, உடம்பு தேறின பிறகு போங்க.

நம்ம வீட்டு முறையில இருக்கிற சிலதைப் பார்த்தா எனக்கே வியப்பா இருக்கும். நோயாளியைத் தனியா படுக்க வைக்கிறது, வாசல்ல வேப்பிலை சொருகி விருந்தாளியை வர வேணாம்னு சொல்லாம சொல்றது, வெளுத்த துணி, தாளிக்காத சாப்பாடு. ஆஸ்பத்திரியில இதுக்கு நாங்க வேற பேர் வச்சிருக்கோம், அவ்வளவுதான்.

ஏன்எதற்கு
இது சரியான பதில். நன்றி.

கல்வெட்டுத்தேடி
சண்டை ஓய்ந்ததால் வரலாற்றுப் பக்கம் போகலாமா? சமயபுரம் என்றாலே மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த ஊரின் பழைய பெயர் கண்ணனூர். அம்மனுக்கே கண்ணனூர் மாரியம்மன் என்று ஒரு பெயர் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர சோமேசுவரன் துவாரசமுத்திரத்தை விட்டு வந்து இந்தக் கண்ணனூரைத் தலைநகராக்கிக்கொண்டான். அவன் எழுப்பிய போசளேசுவரம் இன்றும் இருக்கிறது. மக்கள் வாயில் அது போஜீஸ்வரன் கோயில். மாரியம்மன் கோயிலில் நெரிசலில் நசுங்கிவிட்டு அங்கே போனால் உங்கள் செருப்புச் சத்தமே உங்களுக்குக் கேட்கும்.

அதே கண்ணனூர்க் கொப்பத்தில்தான் 1342 வாக்கில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் மதுரை சுல்தானிடம் தோற்றுப் பிடிபட்டான். அவன் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அரேபியப் பயணி இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். 400 ஆண்டு கழித்து, 1752-இல், திருச்சியைப் பிடிக்க ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படை முகாமிட்டதும் சமயபுரத்தில்தான், அங்கிருந்த கோயில்களில். இரவில் பிரெஞ்சுப் படை உள்ளே புகுந்து பெரிய குழப்பம்.

இத்தனை படைகள் மிதித்த மண்ணில் ஒரு அம்மை தெய்வம் ஏன் இவ்வளவு பெரிதாக எழுந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். படை போகும் வழியெல்லாம் கொள்ளைநோயும் போகும். இது என் ஊகம்தான், கல்வெட்டில் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரங்கத்துப்பிள்ளை
ஊகம் எல்லாம் எதற்கு, தலவரலாறே இருக்கிறதே. அவள் எங்கள் திருவரங்கத்தில் வைணவியாக இருந்தவள். உக்கிரம் தாங்கவில்லை என்று அங்கிருந்த ஜீயர் சொல்ல, எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். வழியில் இளைப்பாறிய இடம் இனாம் சமயபுரம். அங்கே ஆதி மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் பிறகு கண்ணனூர்க் காட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். வழிப்போக்கர்கள் கண்டு கும்பிட ஆரம்பித்து, பின்னால் ஒரு மன்னர் போருக்குப் போகும் வழியில் வேண்டிக்கொண்டு, ஜெயித்து வந்து கோயில் கட்டினார்.

கல்வெட்டுத்தேடி
ஐயா, கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. மூலவர் கல் அல்ல. மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதை. அதனால்தான் மூலவருக்கு அபிஷேகமே கிடையாது, உற்சவருக்குத்தான் எல்லாம். இன்று நாம் பார்க்கும் இவ்வளவு பெரிய சுதை உருவத்தை ஆள் தூக்கிக்கொண்டு கொள்ளிடம் தாண்டியிருக்க முடியுமா? அடுத்தது, அவள் கையில் இருப்பவை. எட்டுக் கைகளில் சூலம், கபாலம், உடுக்கை. தலைக்கு மேல் நாகப் படம், காலடியில் அசுரத் தலைகள். சங்கு சக்கரம் எங்கே? இவளை வைணவி என்று எப்படிச் சொல்வது? இப்போதைய கோயில் அமைப்பு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜயரங்க சொக்கநாதர் காலத்தை ஒட்டியது என்பார்கள். கதையும் அப்போது, இரண்டு பெரிய கோயில்களையும் உறவாக்குவதற்காகப் பிறந்திருக்கலாம்.

அரங்கத்துப்பிள்ளை
பிறந்திருக்கலாம். இருக்கட்டும். தைப்பூசத்தன்று கொள்ளிடத்துக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா நீங்கள்?

வடதிருக்காவிரி என்று நாங்கள் சொல்லும் கொள்ளிடத்தின் வடகரைக்கு அம்மன் எழுந்தருளுவாள். தீர்த்தவாரி ஆனதும் திருவரங்கத்திலிருந்து சீர் வரும். பட்டுப்புடவை, மாலை, மஞ்சள், குங்குமம், பழத்தட்டு, எல்லாம் அண்ணன் அரங்கன் வீட்டிலிருந்து. மேளத்தோடு தட்டைத் தலையில் சுமந்து வருவார்கள். அதைச் சாத்தி அபிஷேக ஆராதனை நடக்கும். நான் 9 வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, யாரென்றே தெரியாது, தட்டு வருவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். சங்கு சக்கரம் இல்லாவிட்டால் தங்கை இல்லை என்று அந்தப் பாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கல்வெட்டுத்தேடி
தோற்றேன். ஒப்புக்கொள்கிறேன்.

(ஆனால் கதை எப்போது பிறந்தது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.)

பாதயாத்திரைக்காரன்
😂 வாத்தியார் விட மாட்டார்.

அண்ணன் தங்கை மட்டுமா? மாரியம்மன்களே ஏழு பேர் அக்கா தங்கச்சின்னு எங்க பக்கம் சொல்வாங்க. சமயபுரம், புன்னைநல்லூர், நார்த்தாமலை, அன்பில், வீரசிங்கம்பேட்டை, கண்ணபுரம், தென்னலூர். யாரு மூத்தவன்னு கேட்டா மட்டும் எந்த ஊருக்குப் போறீங்களோ அந்த ஊருக்காரிதான் மூத்தவ.

வேப்பிலைக்காரி
அன்பில்தான் மூத்தவ. இதுல பேச்சே இல்ல.

லால்குடிப் பொண்ணு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மருந்துச்சீட்டு அக்கா, அம்மா மாத்திரைதான். டாக்டர்கிட்ட இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன்.

இன்னொரு சந்தேகம். அம்மா கரும்புத் தொட்டில், மாவிளக்கு இரண்டும் போடணும்னு லிஸ்ட் வச்சிருக்காங்க. மாவிளக்கை வயித்து மேல வச்சு ஏத்தணுமாம். வேற யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க, நான் இங்க சொல்லிட்டேன். எதுக்கு அது?

வேப்பிலைக்காரி
வயித்துல வச்சு ஏத்துறது வயித்து நோவு தீரணும்கிற வேண்டுதலுக்கு. பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைஞ்சு, நடுவுல குழி பண்ணி, நெய் ஊத்தித் திரி போடுவோம். வாழை இலையை வயித்து மேல விரிச்சு அது மேல வைப்பாங்க. படுத்திருக்கிறவங்க மூச்சு விட விட விளக்கு மேலேயும் கீழேயும் அசையும். பக்கத்துல ஒருத்தர் கண்ணெடுக்காம பார்த்துக்கணும். நெய் சூடாகி வழிஞ்சா இலையைத் தாண்டிப் பொசுக்கிடும்.

கரும்புத் தொட்டில் பிள்ளை வரம். இரண்டு முழுக் கரும்பைச் சேர்த்துப் பிடிச்சு, மஞ்சள் புடவையில தூளி கட்டி, குழந்தையைப் போட்டு, அப்பன் முன்னால அம்மா பின்னால தோள்ல சுமந்து பிராகாரம் சுத்துவாங்க. வரம் கேட்கிறப்ப இல்ல, குழந்தை பிறந்த பிறகு போடுறது. உங்க வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா கண்ணு?

லால்குடிப் பொண்ணு
8 மாசம். பையன்.

ஆமா. அஞ்சு வருஷம் கழிச்சுப் பிறந்தான். நடுவுல எனக்கு வயித்துல ஒரு ஆபரேஷன் நடந்தது. ஓ.

மருந்துச்சீட்டு
இப்ப புரியுதா, "உனக்கெதுக்கு"ன்னு ஏன் சொன்னாங்கன்னு.

ஏன்எதற்கு
8 மாதக் குழந்தையைக் கரும்பில் கட்டும்போது கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதையாவது சொல்லிக்கொள்கிறேன். கூட்டம் குறைவான நாளாகப் பார்த்துப் போங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டவணை எல்லாம் சரியாகப் போகிறதா?

வேப்பிலைக்காரி
தம்பி நல்ல பிள்ளைதான் போல.

பாதயாத்திரைக்காரன்
நாள் பத்தி: பூச்சொரிதல் ஞாயித்துக்கிழமையும், சித்திரைத் தேரும் வேண்டவே வேண்டாம். தேர் சித்திரை முதல் செவ்வாய். அன்னிக்குப் பால்குடம், அக்னிச்சட்டி, அலகு குத்தினவங்கன்னு ஊரே மஞ்சளா இருக்கும், கைக்குழந்தையோட நகரவே முடியாது. புதன், வியாழன்ல காலையில போயிடுங்க.

இன்னொண்ணு, வாசல்ல இறங்கினதும் "சீக்கிரமா தரிசனம் பண்ணி வைக்கிறேன், கரும்பு, தொட்டில் எல்லாம் சேர்த்து இவ்வளவு"ன்னு ஒருத்தர் வருவார். போன வருஷம் எங்க கூட வந்த குடும்பத்துகிட்ட காசை வாங்கிட்டு, பொது வரிசையோட வால்ல கொண்டு போய் விட்டுட்டு ஆள் மாயம். கோயில் கவுன்ட்டர்ல சீட்டு வாங்கிக்கிட்டு நேரா போங்க. கரும்பை வெளியில நீங்களே பார்த்து வாங்குங்க, நடுவுல பூச்சி அரிச்சிருந்தா பாரம் தாங்காது.

லால்குடிப் பொண்ணு
பத்து நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முழுப் பட்டினி கூடாதுன்னுட்டார். மாத்திரை அளவை மாத்தி, ஒரு வேளை சாப்பாடு, நடுவுல மோர், வெள்ளரி, தினமும் சர்க்கரை பார்க்கணும்னு எழுதிக் கொடுத்தார். அம்மா முகம் வாடிப் போச்சு. வேப்பிலைக்காரி அம்மா எழுதினதை, "அதைக் குறை சொல்ற ஆளு ஆத்தா இல்ல"ங்கிறதைப் படிச்சுக் காட்டினேன். "யாரு அந்தப் பொம்பளை, நம்ம ஊரா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் சரின்னுட்டாங்க.

வர்ற வழியில பஸ்ல சொன்னாங்க. அம்மாவுக்கு 5 வயசுல பெரியம்மை போட்டிருக்கு. முகத்துல தழும்பு உண்டு, நான் பிறந்ததுலேர்ந்து பார்க்கிறேன், ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. அப்ப எங்க அம்மாச்சி 28 நாளும் துள்ளுமாவும் மோருமா இருந்து, தேருக்கு நடந்தே சமயபுரம் போனாங்களாம், கண்ணு பிழைச்ச பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தியிருக்காங்க. நான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனப்ப அம்மா அதே 28 நாளை நேர்ந்துக்கிட்டாங்க. "எங்கம்மா எனக்கு இருந்தா, நான் உனக்கு இருக்கேன், இதுல என்ன பெரிய விஷயம்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க.

விரதம் ஆரம்பிச்சு நாலாவது நாள். காலையில சர்க்கரை 118. துள்ளுமாவு ஒரு ஸ்பூன்தான் அனுமதி. ஆனா உரல்லதான் இடிக்கணும்னு சொல்லிட்டாங்க, இடிக்கிறது நான்.

மருந்துச்சீட்டு
118 நல்லா இருக்கு. ராத்திரி படுக்கும் முன்னாடியும் ஒரு தடவை பாருங்க.

பாதயாத்திரைக்காரன்
மாவு கையில ஒட்டுதா?

லால்குடிப் பொண்ணு
ஒட்டுது அண்ணே. 😩

பாதயாத்திரைக்காரன்
ஈரம் அதிகம். இன்னும் கால் மணி நேரம் துணியில விடுங்க. ஃபேன் போடாதீங்க, மேல் மாவு காஞ்சு உள்ளே ஈரம் நிக்கும்.

அரங்கத்துப்பிள்ளை
அம்மாவுக்கு உடன்பிறந்தவர் யாராவது இருக்கிறாரா?

லால்குடிப் பொண்ணு
ஒரு மாமா இருக்கார், மணப்பாறையில. நிலத் தகராறுல 11 வருஷமா பேச்சு இல்ல. ஏன் ஐயா கேட்டீங்க?

அரங்கத்துப்பிள்ளை
சும்மாதான் கேட்டேன் அம்மா. தொட்டில் போடும் தேதி முடிவானதும் எழுதுங்கள்.

லால்குடிப் பொண்ணு
விரதம் முடிஞ்சு, தேரும் ஆனதுக்கு அடுத்த வாரம் புதன்கிழமை. மாமாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன், அம்மாவுக்குத் தெரியாது. எடுத்தார், கேட்டுக்கிட்டார், வைச்சுட்டார். திருச்சியிலேர்ந்து காலையில எத்தனை மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்? குழந்தையோட பஸ்லதான் வரணும்.

பாதயாத்திரைக்காரன்
சத்திரம் பேருந்து நிலையத்துலேர்ந்து சமயபுரத்துக்கு அடிக்கடி டவுன் பஸ் இருக்கு. ஆறு மணிக்குள்ள ஏறிடுங்க, உட்கார இடம் கிடைக்கும். கரும்பை இறங்கின பிறகு வாங்குங்க, பஸ்ல ஏத்த முடியாது.